காட்டை ஊடறுத்த சாலை

சாலை என்ற சொல்லைக் கேட்டதும் நம் உள்ளம் குளிர்கிறது. சாலை வந்தால் பள்ளி வரும். பள்ளி வந்தால் படிப்பு வரும். படிப்பு வந்தால் பழமை இருள் விலகும் என்று மேடைதோறும் பேசியும் ஏடுதோறும் எழுதியும் வந்தவர்கள் நாம். தெருவில் நடக்கும் உரிமை ஒன்றுக்காகவே 1924-ஆம் ஆண்டு வைக்கத்தில் கிளர்ச்சி மூண்டது. ஓராண்டுக்கும் மேலாக அது நீடித்தது. சிறை புகுந்தோர் பலர். எனவே, “இந்தச் சாலையை மூடுக” என்று எவரேனும் கூறினால், கூறுபவர் யார், யார் பக்கம் நின்று கூறுகிறார் என்று ஐயக்கண்ணோடு பார்ப்பதே நமக்கு வழக்கம். அந்தமான் தீவுகளை வடக்கு தெற்காக இணைக்கும் நெடுஞ்சாலை அந்த வழக்கத்தை உலுக்கிப் பார்க்கிறது.

2018-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நாங்கள் நால்வர் அந்தச் சாலையில் மோட்டாரில் சென்றோம். நடு அந்தமானில் ரங்கத் என்னும் ஊரில் வாழும் நண்பர் ஒருவர் தம் மகள் திருமணத்துக்கு அழைத்திருந்தார். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலை மூன்று நாளில் கடந்து போர்ட் பிளேர் சேர்ந்தோம். கப்பலின் அடித்தளத்தில் கட்டில் கட்டிலாக அடுக்கப்பட்டுக் கிடந்தவர்கள் பெரும்பாலும் கூலி வேலைக்குச் செல்வோர். தென்பாண்டிச் சீமையினர் பலர். மேல்தளத்தில் அறை எடுத்தவர்கள் கடலைப் பார்த்துக் களித்தனர். கீழ்த்தளத்தாரோ கடலைப் பார்த்தவுடன் வாந்தி எடுத்தனர். அலை ஒன்றுதான், அது ஆளுக்கு ஆள் வேறாகிறது.

போர்ட் பிளேரைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 1896-இல் தொடங்கி 1906-இல் முடித்த சிற்றறைச் சிறையை அனைவரும் பார்க்கிறார்கள், நாங்களும் பார்த்தோம். அந்நகருக்கு 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினர். வெள்ளைக் கப்பற்படை அதிகாரியின் பெயர் போயிற்று. சோழர் கடற்படையின் நினைவைக் காரணம் காட்டிப் புதுப்பெயர் வந்தது. சோழர் பெருமை கேட்டால் தமிழன் தோள் பூரிக்கத்தான் செய்யும். ஆயினும் பிளேருக்கும் முன்னே, சோழருக்கும் முன்னே, அந்தக் கரையில் மீன் பிடித்து வாழ்ந்த மக்கள் அதை என்னவென்று அழைத்தார்கள் என்ற கேள்வி பெயர்ப் பட்டியலின் பக்கமே வரவில்லை.

ரங்கத்துக்குக் கடல்வழியாகவும் போகலாம். அந்த வாரக் கப்பலில் இடமெல்லாம் நிரம்பிவிட்டது. திருமண நாளோ நெருங்கிவிட்டது. ஆகவே மோட்டார் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினோம். ஓட்டிய இளைஞர் போர்ட் பிளேரிலேயே பிறந்தவர். அவருடைய பாட்டனார் திருநெல்வேலிப் பக்கத்தவர். தமிழ் பேசுவார், இந்தி பேசுவார், வங்காளமும் பேசுவார். மூன்றையும் தெருவில் கற்றதாகச் சொன்னார்.

விடியற்காலை நான்கு மணிக்கே புறப்பட்டோம். ஜிர்காடாங் என்னும் சாவடியை அடைந்தபோது கிழக்கு வெளுக்கவில்லை. எங்களுக்கு முன்னரே நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் வரிசையில் நின்றன. பேருந்துகள், சரக்கு லாரிகள், கணவன் மனைவியராய்த் தேனிலவுக்கு வந்தோரின் வாடகை வண்டிகள்! தேநீர்க் கடைகளில் வடை வெந்துகொண்டிருந்தது; எந்தக் கடையிலும் தமிழ் ஒலித்தது. எங்கள் பெயர், வயது, ஊர், வண்டி எண் யாவும் ஒரு தாளில் எழுதிக் காவலரிடம் கொடுத்தோம். எதிரே பெரிய பலகை: வண்டியை நிறுத்தாதே; படம் எடுக்காதே; உணவு கொடுக்காதே; முந்திச் செல்லாதே. குறித்த நேரத்தில் கதவு திறக்கும். முன்னே ஒரு காவல் வண்டி, பின்னே ஒரு காவல் வண்டி, இடையே எறும்புச் சாரை போல் எல்லா வண்டிகளும். இப்படித்தான் நடு நீரிணைத் துறை வரை 49 கிலோமீட்டரும் செல்ல வேண்டும்.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? அந்தக் காடு ஜாரவா மக்களின் வீடு. 1956-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் அதைப் பிறர் நுழையக் கூடாத காப்பகம் என்கிறது. ஆயிரம் சதுரக் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட காட்டில், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவர்கள் 380 பேர். வேட்டையும் மீனும் தேனும் கிழங்கும் அவர்கள் வாழ்வு. சட்டம் ஒரு கையால் வேலியிட்ட அதே காட்டில்தான், 1970-களில் அரசு மறு கையால் சாலை வெட்டியது. ஜாரவாக்கள் அம்பெய்து எதிர்த்தனர். சாலை வேலைக்குக் கூலிகளாகப் போன ஏழைகள் சிலர் மாண்டனர். காட்டிலே மாண்ட ஜாரவாக்களை எண்ணிக் கணக்கு வைத்தவர் இல்லை. திட்டம் தீட்டியவர் மீது அம்பு பாயவில்லை. எங்கும் எப்போதும் கல்லுடைப்பவன்தான் அம்புக்கு முன்னே நிற்கிறான்.

‘ஜாரவா’ என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று. அண்டை இனத்தார் தங்கள் மொழியில் ‘அயலார்’ என்னும் பொருளில் அப்படி அழைத்தனர். அதை வெள்ளையர் ஏட்டில் எழுதினர்; நாமும் எழுதுகிறோம். அவர்கள் தம்மை ‘ஆங்’ என்கின்றனர்; மக்கள் என்பது அதன் பொருள். தம் வீட்டிலேயே அயலார் என்று பட்டம் சூட்டப்பட்ட மக்கள்!

வண்டி வரிசை காட்டுக்குள் புகுந்தது. வானுயர்ந்த குர்ஜன் மரங்கள், செம்மரம் போன்ற படாக் மரங்கள், அவற்றைப் பிணைத்துத் தொங்கும் கொடிகள். பகல் புலர்ந்த பின்னும் சாலை இருண்டு கிடந்தது. எங்களுக்கு முன்னே சென்ற வண்டியின் கண்ணாடிகளில் முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவை மரத்தைப் பார்க்கவில்லை. மனிதர் எவரேனும் தென்படுவாரோ என்று தேடின. மிருகக்காட்சிச் சாலையில் புலிக்கூண்டின் முன் நிற்கும் கண்கள் எப்படி இருக்குமோ அப்படி. 2012-ஆம் ஆண்டு சனவரியில் பிரிட்டிஷ் இதழ் ஒன்று வெளியிட்ட படக்காட்சி உலகையே தலைகுனிய வைத்தது. உணவைக் காட்டி ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் குரல் அதில் கேட்டது. பசித்தவர் முன்னே பிஸ்கட்டை நீட்டி “ஆடு” என்று சொல்லும் வாய்க்கு நாகரிகம் என்ற பெயர் எவ்வாறு பொருந்தும்? அதன் பிறகு தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன, காவல் கூடிற்று. கண்ணாடியில் ஒட்டிய முகங்கள் மட்டும் குறையவில்லை.

வளைவொன்றில் சாலையோரம் சிலர் நிற்கக் கண்டோம். எங்கள் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கவில்லை, தலையையும் திருப்பவில்லை. அவர்கள் எத்தனை பேர், எப்படி இருந்தார்கள், என்ன அணிந்திருந்தார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், அந்தக் கண்ணாடிகளோடு இந்த ஏடும் இன்னொரு கண்ணாடியாகிவிடும்.

நடு நீரிணையில் சாலை நீரில் முடிகிறது. இரு கரையிலும் அலையாத்தி வேர்கள் விரல் விரலாகச் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. முதலை உண்டு, நீரில் இறங்காதே என்று எச்சரிக்கைப் பலகை. வண்டி ஏற்றும் படகு வந்து, தன் இரும்பு வாயைக் கரைமீது சாய்த்தது. முதலில் பேருந்து, பிறகு லாரி, எஞ்சிய இடுக்கில் எங்கள் மோட்டார். ஒரு சாண் இடைவெளி விட்டு வண்டிகளை நிறுத்தும் அந்தப் படகுத் தொழிலாளியின் கைச்சைகை ஒரு கலை. பயணிகள் இறங்கி விளிம்பில் நின்றனர். கடக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் இருவர் பேச்சைக் கேட்டோம். ஒருவர் நம் நாட்டின் பெருநகரத்திலிருந்து வந்த செல்வர். பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் பார்க்க வந்தவர். “இவ்வளவு பணம் கட்டி வந்தும் ஒரு ஜாரவாகூடக் கண்ணில் படவில்லை” என்று குறைபட்டுக்கொண்டார். இன்னொருவர் பேருந்திலிருந்து இறங்கிய தாய். போர்ட் பிளேர் மருத்துவமனையில் குழந்தைக்கு அறுவை முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தாள். குழந்தை மடியில் உறங்கியது. “இந்த ரோடு இல்லைன்னா இவன் இல்லை ஐயா” என்றாள், எங்கள் ஓட்டுநரிடம் பேச்சுவாக்கில்.

ஒரே படகு, ஒரே சாலை. செல்வரின் குறையைப் புறங்கையால் தள்ளிவிடலாம். அந்தத் தாயின் சொல்லைத் தள்ள முடியுமா? சாலையை மூடுக என்று பட்டணத்தில் அமர்ந்து தீர்மானம் போடுவோர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

பாராடாங் தீவைக் கடந்து, ஹம்ப்ரி நீரிணையில் மறுபடியும் படகேறி, கதம்தலாவில் இறங்கி, மாலையில் ரங்கத் சேர்ந்தோம். வழியெல்லாம் வயல்களும் பாக்குத் தோப்புகளும். நாடு பிரிந்தபோது வீடிழந்த வங்காளத்து அகதிகள் 1949 முதற்கொண்டு இங்கே குடியமர்த்தப்பட்டனர். ராஞ்சிப் பக்கத்துப் பழங்குடியினர் மரம் வெட்டக் கொண்டுவரப்பட்டனர். பர்மாவிலிருந்து கரேன் மக்கள் 1925-இல் வந்தனர். தமிழர் கூலிகளாக வந்தனர், வணிகராக வந்தனர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பெயர்க்கப்பட்ட நம்மவர்களில் ஒரு பகுதியினர், தெற்கே கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் விடப்பட்டனர். எல்லாரும் எங்கிருந்தோ துரத்தப்பட்டவர்கள். துரத்தப்பட்டவர்களைக் கொண்டுவந்து இன்னொருவர் காட்டின் ஓரத்தில் நிறுத்திவிட்டு, இருவரும் மோதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது ஆட்சியாளர்களுக்கு எளிது.

மணவீட்டில் அன்றிரவு பேச்சு இதைப் பற்றியே சுழன்றது. நண்பரின் தந்தையார் அந்தச் சாலையில் கல்லுடைத்தவர். எண்பதைக் கடந்த முதியவர். கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தார்.

“உச்ச நீதிமன்றம் 2002-இலேயே காப்பகத்துக்குள் போகும் பகுதியை மூடச் சொன்னது, தாத்தா” என்றோம்.

“சொன்னாங்க தம்பி. மூடினா கப்பல் விடுவேன்னு யாரும் சொல்லலியே” என்றார் அவர். “காத்து அடிச்சா கப்பல் இல்ல. பிள்ளைத்தாச்சிக்கு வலி எடுத்தா காத்து நிக்குமா?”

உண்மை. அவ்வாண்டு மே மாதம் தீர்ப்பு வந்தது. ஆண்டுகள் உருண்டன; சாலை மூடப்படவில்லை. 2013-இல் சுற்றுலா வண்டிகளுக்கு மட்டும் சிறிது காலம் தடை இருந்தது. பிறகு அதுவும் நீங்கிற்று. 2017-இல் பாராடாங்குக்குக் கடல்வழி ஒன்று திறந்தனர். சாலையில் கூட்டம் தொடர்ந்தது. தீர்ப்பை நிறைவேற்றாமைக்குக் காரணமாகக் குடியேறிகளின் துன்பத்தை எடுத்துச் சொல்கிறார்கள். வண்டி வரிசையை எண்ணிப் பார்த்தால், நோயாளிக்குப் பின்னே மறைந்துகொண்டு பயணம் போகிறவர் குகை பார்க்கும் கூட்டத்தார் என்பது விளங்கும். நோயாளி வண்டியும் ஊர்ப் பேருந்தும் அரிசி லாரியும் ஒரு நாளைக்கு எத்தனை? குகை பார்ப்போரைக் கடல்வழியில் அனுப்பிவிட்டால் சாவடியில் நிற்பவை எத்தனை? இந்தக் கணக்கைப் போடுவதற்குப் பெரிய ஆணையம் வேண்டியதில்லை. விடியற்காலையில் ஜிர்காடாங் தேநீர்க் கடையில் அமர்ந்து விரல் மடக்கினால் போதும். ரங்கத்திலும் மாயாபந்தரிலும் அறுவைக்கூடத்தோடு கூடிய நல்ல மருத்துவமனை இருக்குமானால், அந்தத் தாய் இரு நீரிணைகளைத் தாண்டியிருக்க வேண்டியதும் இல்லை.

மணமகனின் தோழர் ஒருவர், பள்ளி ஆசிரியர், வேறொரு கேள்வியைத் தூக்கிப் போட்டார். எங்களை மடக்கிவிட்டோம் என்ற மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது.

“நீங்கள் சீர்திருத்தம் பேசுகிறவர்கள். அவர்களைக் காட்டிலேயே கிடக்கவிடு என்கிறீர்களே! பள்ளி வேண்டாமா? உடை வேண்டாமா? அம்பும் வில்லுமாகவே இருக்கட்டும் என்பது பழமையைப் போற்றுவது ஆகாதா?”

கூர்மையான கேள்விதான். இரவு நெடுநேரம் அதற்கு விடை தேடினோம். விடை அந்தத் தீவுகளின் வரலாற்றிலேயே கிடக்கிறது.

1858-இல் வெள்ளையர் கைதிகளைக் கொண்டு குடியேற்றம் அமைத்தபோது, பெரிய அந்தமானியர் என்று சொல்லப்படும் பத்துக் குலத்தாரும் சேர்ந்து ஏறத்தாழ 5,000 பேர் இருந்திருப்பர் என்று மதிப்பிடுகின்றனர். முதலில் போரிட்டனர், தோற்றனர். அடுத்து வந்தது அன்பு. 1863-இல் ஒரு பாதிரியார் அவர்களுக்காக ‘அந்தமான் இல்லம்’ திறந்தார். உடை கொடுத்தனர், உணவு கொடுத்தனர், ஆங்கிலம் கற்பித்தனர். அங்கே பிறந்த குழந்தைகள் பிழைக்கவில்லை. மேகநோய் பரவிற்று. 1877-இல் தட்டம்மை வந்து ஊர் ஊராக வாரிக்கொண்டுபோயிற்று. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியவர் 19 பேர். பின்னர் அவர்களைச் சிறு தீவு ஒன்றில் வைத்துப் பேணினர். 2011-இல் 44 பேர். ‘போ’ என்னும் மொழியைப் பேசிய கடைசி மூதாட்டி 2010 சனவரியில் மறைந்தார். மொழியும் அவரோடு மறைந்தது. தாய்மொழி தேயக் கண்டால் துடிப்பவர்கள் நாம். தன் மொழியில் பேச இன்னொரு வாய் இல்லாமல் ஒருத்தி வாழ்ந்த ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்!

ஜாரவாக்கள் பகைத்து நின்றதால் பிழைத்தனர். 1996-இல் கால் முறிந்து கதம்தலாவின் அருகே கிடந்த சிறுவன் ஒருவனைப் போர்ட் பிளேர் மருத்துவமனையில் வைத்து நலப்படுத்தித் திருப்பி அனுப்பினர். அந்தச் செயலில் குறை காண ஒன்றுமில்லை. மனிதனுக்கு மனிதன் செய்தது. அதன் பின்னர் அவர்கள் அம்பின்றி வெளியே வரத் தொடங்கினர். 1999-இல் தட்டம்மை வந்தது. 2006-இல் மீண்டும் வந்தது. இம்முறை மருத்துவர்கள் விழிப்பாக இருந்தனர். ஆனால் சாலை அவர்களிடம் கொண்டுபோனது புத்தகத்தையன்று. புகையிலையை, மதுவை, பான்பராக்கை. காட்டுப் பன்றியும் மானும் திருடும் வேட்டைக்காரரையும் அதுவே கொண்டுபோயிற்று.

சீர்திருத்தம் என்றால் என்ன? நம் மண்ணில் அது எப்படி வந்தது? தாழ்த்தப்பட்டவன் தலைநிமிர்ந்து கேட்டான். பெண் எழுந்து கேட்டாள். கேட்டவர்களுக்கு வழி மறித்தவர்களோடு போராடினோம். எவரையும் வீட்டைவிட்டு இழுத்துவந்து, உடை மாற்றி, “இனி நீ நாகரிகன்” என்று முத்திரை குத்தியதில்லை. ஜாரவாச் சமுதாயத்தில் எவனும் பிறப்பால் உயர்ந்தவன் என்று மார்தட்டித் தெருவை மறிக்கவில்லை, தீண்டாமை இல்லை, மணப்பெண்ணுக்கு விலை பேசும் சந்தை இல்லை. அவர்களுக்கு நம்மிடம் கற்க உள்ளவை பல இருக்கலாம். எந்தப் பாடத்திலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்பவர் அந்த ஆசிரியரா, அவர்களா? 2004 டிசம்பரில் அரசு அறிவித்த கொள்கையே, அவர்கள் மீது எதையும் திணிக்கக் கூடாது என்கிறது. அறிவிப்பு வெளிவந்த சில நாள்களில் ஆழிப்பேரலை வந்தது. பழங்குடியினர் மேட்டுநிலம் சேர்ந்து தப்பினர்; நிக்கோபார்க் கரைகளிலோ பேரழிவு. கடல் உள்வாங்கினால் ஓடவேண்டும் என்பது அவர்களிடம் அறிவு. நம்மிடம் அன்று அது பலருக்கு வேடிக்கையாக இருந்தது. கிளிஞ்சல் பொறுக்கப் போனார்கள்.

நாளை அவர்களில் ஓர் இளைஞன் சாவடியில் வந்து நின்று, “எனக்கு எழுத்து வேண்டும்” என்றால் கதவு திறந்திருக்க வேண்டும். அவனைக் காட்டுக்குள் பொருட்காட்சியாகப் பூட்டிவைக்கும் உரிமையும் நமக்கு இல்லை. இதையும் ஆசிரியரிடம் சொன்னோம். “அப்படி ஒருவன் வந்தால் என் வகுப்பில் சேர்த்துக்கொள்வேன்” என்றார். அவரிடம் அன்பு உண்டு, அவசரமும் உண்டு.

திருமணம் இனிதே முடிந்தது. திரும்புவதற்கு ரங்கத் துறையில் கப்பலுக்குப் பதிவு செய்தோம். காலை ஆறரைக்குப் புறப்பட வேண்டியது. காற்று மிகுதி என்று பதினொன்றரைக்குத்தான் கிளம்பிற்று. துறையில் நிழல் தரும் கொட்டகை சிறியது. பெண்கள் மூட்டைகளின் மேல் அமர்ந்திருந்தனர். கண்ணில் கட்டுப்போட்ட முதியவரை அவர் பேரன் கைபிடித்து நடத்தினான். குடிநீர்க் குழாயில் நீர் வரவில்லை என்று அவன் திரும்பி வந்து சொன்னான். கப்பலில் இடம் 100 பேருக்கு. ஏற நின்றவர் அதற்கு மேல். முதியவருக்கு முதலில் வழிவிடச் சொல்லி எங்கள் ஓட்டுநர் குரல் கொடுத்தார், கூட்டம் வழிவிட்டது. மேற்கே, நாங்கள் வந்த காடு நீலக் கோடாகத் தெரிந்துகொண்டே இருந்தது. போர்ட் பிளேர் துறையில் நாங்கள் இறங்கியபோது விளக்கேற்றி நெடுநேரமாகியிருந்தது; முதியவருக்காக நண்பர் சொல்லியனுப்பியிருந்த ஆட்டோ வாயிலில் காத்திருந்தது.